பின்சீட்டுக் கறை

பழைய கார் கிளப்பின் செயலாளர் காரின் பின்கதவைத் திறந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் விரித்த செய்தித்தாள் மேல் முழங்கால் போட்டார். கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி, பின்சீட்டின் இடது மூலையில் இருந்த பழுப்புக் கறைக்கு ஒரு விரற்கடை மேலே மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"இதுதாம்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இந்த வாசனைய எந்தக் கடையிலயும் வாங்க முடியாது."

பக்கத்தில் நின்ற ஃபினாயில் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவளுக்கு லேசில் குமட்டாது. மாமியார் படுத்த படுக்கையானபோது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டவள். புருஷன் குடித்து ஈரல் கெட்டு வாந்தியெடுத்த நாட்களில் ஒரு கையில் பேசினும் இன்னொரு கையில் தன் சோற்றுத் தட்டுமாக நின்றவள். அவன் போன பிறகு கடல் தாண்டிப் போய், யாரோ ஒரு பணக்காரக் கிழவருக்குப் பதினோரு வருஷம் அதே வேலையைப் பார்த்தவள். மனித உடம்பிலிருந்து வெளியே வருகிற எதைப் பார்த்தும் அவள் முகம் சுளித்ததில்லை. வந்ததைக் கழுவுவாள், ஃபினாயில் ஊற்றுவாள், தரை காய்வதற்குள் மறந்துவிடுவாள். தெருவில் அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. இப்போது குமட்டியது கறையைப் பார்த்தல்ல. அதை முகர்ந்து கண்ணை மூடிக்கொள்கிற மனுஷனைப் பார்த்து.

ஏனென்றால் அது என்ன கறை என்று இந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பார்த்துக்கொண்ட அந்தக் கிழவர், பெரியவர், அந்த மூலையில்தான் உட்காருவார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் வயிறு அவர் பேச்சைக் கேட்காது. சில நாள் மேலே, சில நாள் கீழே. அவள் மடியில் பேசின் இருக்கும். ஆனாலும் எல்லாம் பேசினுக்குள்ளேயே விழுந்துவிடுமா? சீட்டைக் கழுவ அவள் வாளியும் பிரஷ்ஷும் எடுத்தால் பெரியவர் கைத்தடியை ஓங்குவார். "என் காரை எவளும் தேய்க்கக் கூடாது." துடைக்க மட்டும் அனுமதி, அதுவும் ஈரத்துணியால், ஒரே ஒரு தடவை. பதினோரு வருஷம் அந்தக் கறை அவள் கண்ணெதிரே வளர்ந்தது. அதுவரை அவள் கை வைத்துத் தோற்ற ஒரே அழுக்கு அது.

கார் அவளுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அன்பால் எழுதி வைத்தார் என்று யாராவது சொன்னால் அக்கா சிரிப்பாள். பெரியவரின் இரண்டு மகன்களும் அவர் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று, கார் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொண்டார்கள். வீட்டைப் பற்றிக்கூட அவ்வளவு பேசவில்லை. அடுத்த நாள் வக்கீல் வந்தார். பெரியவர் அக்காவைக் காட்டி, கார் இவளுக்கு என்றார். மகன்களிடம், "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போங்க," என்றார். அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய பேச்சு. மகன்களை வெறுப்பேற்றக் கையில் கிடைத்த கம்பு அவள். அவ்வளவுதான் அவளுக்கும் காருக்கும் உள்ள உறவு.

அப்படியிருக்க ஏன் இதைக் கப்பலில் ஏற்றி ஊர்வரை இழுத்துக்கொண்டு வந்தாள்? தம்பி பெண்டாட்டி இதைத்தான் முதல் நாளே கேட்டாள். அக்கா சொன்ன பதில் விசித்திரமாக இருந்தது. பதினோரு வருஷமும் அந்தக் காரில் அவள் பார்த்தது மூன்றே பொருள்: டிரைவரின் பின்கழுத்து, பேசின், கூரையில் தொங்குகிற துணி. வெளியே மலை இருந்தது, ஏரி இருந்தது என்று டிரைவர் சொல்லுவான். பெரியவரின் தலை அவள் தோளில் சாய்ந்திருக்கும். திரும்பிப் பார்க்க முடியாது. "ஒரே ஒரு ஆசைம்மா," என்றாள் தம்பி பெண்டாட்டியிடம். "அதே காரு. முன்னாடி உக்காரணும். நானே ஓட்டணும். அதுவும் என் பேர்ல இருக்கணும். அப்புறம் அது எக்கேடு கெட்டாலும் சரி." இதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தாள். தம்பி வைத்திருந்த டிரைவிங் ஸ்கூலில், 'எல்' போர்டு மாட்டிய குட்டிக் காரில், தம்பியின் உயிரைக் கையில் பிடிக்க வைத்துத்தான் பழகினாள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. கார்தான் பதிவாகவில்லை. பதிவு அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னலில் இருந்த அம்மாள், கார் தயாரான வருஷத்தைப் பார்த்ததும் பேப்பரைத் திருப்பித் தள்ளிவிட்டாள். இவ்வளவு பழைய வண்டியை வெளியிலிருந்து கொண்டுவந்து ஓட்டச் சட்டம் இடம் தராது. பழைய இரும்பு என்று கணக்கில் எழுதி, கப்பலில் வந்து இறங்கின ஆறு மாதத்தில் உடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு வழிதான் உண்டு. இது வெறும் பழசு இல்லை, பழமை கெடாமல் காப்பாற்றப்பட்ட அரிய வண்டி என்று, அங்கீகாரம் பெற்ற கார் உரிமையாளர் கிளப் ஒன்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். "பழசுக்கும் அரிய பழசுக்கும் என்ன வித்தியாசம்?" என்று தம்பி கேட்டான். அந்த அம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கிளப் லெட்டர்ஹெட்."

நாலு மாதம் துறைமுகத்திலேயே போயிருந்தது. மிச்சம் இரண்டு. அப்படித்தான் தம்பியின் டிரைவிங் ஸ்கூல் தகரக் கொட்டகைக்குச் செயலாளர் வந்து, முழங்கால் போட்டு, மூக்கை நீட்டினார். எழுந்ததும், அடுத்த சனிக்கிழமை கிளப்புக்கு வரச் சொன்னார், தலைவரைப் பார்க்க.

கிளப் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. வெளியே பார்த்தால் கிடங்கு. உள்ளே கண்ணாடிபோல் தரை. வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு. ஆஸ்பத்திரியில் பெரியவருக்குக்கூட அவ்வளவு நல்ல விளக்கு கிடையாது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தொப்பி போட்ட ஆம்பிளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், கார்களை 'அவ' 'இவ' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வயசானாலும் இடுப்பு பாரு, இவளைத் தொட்டால் பிடிக்காது, நேற்று ராத்திரி இவளோடதான் இருந்தேன், வீட்டுக்காரிக்குக் கோபம் என்று ஒரே சிரிப்பு. எல்லாம் காரைப் பற்றி. அந்த வீட்டுக்காரிகளில் ஒருத்தியும் அங்கே இல்லை. தம்பி எல்லாச் சிரிப்புக்கும் கூடவே சிரித்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு 'சார்' போட்டான். வீட்டில் அதிகாரம் பண்ணுகிறவன் இங்கே முதுகை இப்படி வளைக்கிறானே என்று அக்காவுக்கு அதுவும் ஒரு அருவருப்பு.

தலைவர் வந்தார். நல்ல உயரம், நல்ல வெள்ளை மீசை. பெரியவரின் பெயரைச் செயலாளர் சொன்னதும் கண் பளபளத்தது. பழைய கார் உலகத்தில் பெரியவர் லேசுப்பட்ட ஆளில்லையாம். அவர் இளவயதில் இந்தக் காரின் மேல் சாய்ந்து நிற்கிற படம் தலைவரின் கைப்பேசியிலேயே இருந்தது. படத்தைக் காட்டிக்கொண்டே குடித்து முடித்த டீ கோப்பையை, பார்க்காமலே, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பெண் அக்கா.

அவளும் வாங்கிக்கொண்டாள். அது மட்டுமா? மூலையில் குழாய் இருந்தது. போய்க் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. அன்று முழுக்க அவளுக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நீ வேலைக்காரக் கையாகவே சாவாய் என்று அதைத் திட்டினாள்.

"கார் சொந்தக்காரங்க இவங்கதான் சார்," என்று தம்பி சொன்னதும் தலைவர் ஒரு விநாடி தடுமாறினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் வீட்டில் இருந்தவளா, ரொம்ப நல்லது, அவரைப் பற்றி ஒரு நாள் நிறையச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கமிட்டி நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கும். வண்டி ஒரிஜினலாக இருந்தால் அங்கேயே கையெழுத்து. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"பாட்டினா போயிடக் கூடாது," என்றார்.

"எந்தப் பாட்டி?" என்றாள் அக்கா.

தொப்பிக்காரர்கள் சிரித்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான். செயலாளர்தான் விளக்கினார். காலம் ஒரு பொருள் மேல் பூசுகிற பூச்சுக்குத்தான் பாட்டினா என்று பெயர். மங்கின பெயிண்ட், வெடித்த தோல், கறை, வாசனை, எல்லாம். அது போய்விட்டால் கார் செத்த மாதிரி. "அதனால நீங்க எதுலயும் கை வைக்காதீங்கம்மா. பெயிண்ட் அடிக்கிறேன், சீட் மாத்துறேன்னு எதுலயும் கை வைக்காதீங்க."

"நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்?" என்றாள் அக்கா. மனசாரத்தான் சொன்னாள்.

அன்று மத்தியானம் நல்ல வெயில். தகரக் கொட்டகை அடுப்பு மாதிரி காய்ந்தது. சாப்பாடு கொண்டுவந்த தம்பி பெண்டாட்டி, சும்மா பார்க்கலாம் என்று காரின் பின்கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"என்ன அண்ணி இது, எலி கிலி செத்துக் கிடக்கா உள்ள?"

அக்கா சொன்னாள். மறைக்கிறதுக்கு என்ன இருக்கிறது, உள்ளதைச் சொன்னாள். தம்பி பெண்டாட்டி இந்தக் கறைக் கதையை அதுவரை கேட்டதில்லை. கேட்டு முடித்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! "இதையா அந்த ஆளு மோந்து பாத்தாரு?" என்றாள். "இதையா நாளைக்கு நாலு பேரு வந்து மோந்து பாக்கப் போறாங்க? நம்ம வீட்டு வாசல்லயா?"

அந்தக் கடைசி வார்த்தை அக்காவை எங்கேயோ தைத்தது. நம்ம வீட்டு வாசலில். பெரியவர் வீட்டில் அது பெரியவரின் அழுக்கு. அவர் கைத்தடிக்குப் பயந்து விட்டுவைத்தாள். இங்கே கைத்தடி இல்லை. இந்த வாசலில் நாலு மனுஷர் முன்னால் ஒரு பொருளை வைக்கிறோம் என்றால் அது சுத்தமாக இருக்க வேண்டாமா? சட்டியைக் கழுவாமல் பரிமாறுகிற குடும்பமா நாம்? கை வைக்காதீர்கள் என்றார்கள். சரி, கை வைக்கவில்லை. பெயிண்ட் இல்லை, ரிப்பேர் இல்லை. கழுவுகிறதைப் போய் யாராவது கை வைக்கிறது என்பார்களா?

மூன்று வாளி வெந்நீர் கேட்டாள். சோப்புத் தண்ணீர், வினிகர், சோடா மாவு, பழைய பல் பிரஷ், கடைசியில் இரண்டு எலுமிச்சம்பழம். தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று வாளி மாற்ற, அக்கா பின்சீட்டில் குப்புறப் படுத்து, தையல் தையலாக, மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். பதினோரு வருஷக் கோபம். அந்திக்குள் தோல் பழையபடி வெண்ணெய் நிறத்துக்கு வந்தது. அப்படி ஒரு நிறம் அடியில் இருந்தது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டுக் காற்றாட விட்டாள்.

தம்பி வந்து பார்த்தான். 

"என்னக்கா பண்ணிட்ட?"

"பாட்டியக் குளிப்பாட்டிட்டேன்," என்றாள்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு 'எல்' போர்டுக் காரின் மேல் சாய்ந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அப்போதும் புரியவில்லை.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். தலைவர், செயலாளர், கமிட்டியில் இருந்த ஒரு பல் டாக்டர். பல் டாக்டர் வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையே கொண்டுவந்து டாஷ்போர்டுக்கு அடியில் நீட்டிப் பார்த்தார். சொத்தை ஒன்றும் இல்லை என்றார். எஞ்சின் நம்பர் சரி. பெயிண்ட் சரி. தலைவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். செயலாளர் தன் பங்குக்குச் செய்தித்தாளை விரித்து, முழங்கால் போட்டு, பின்கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

இழுத்தவர் அப்படியே உறைந்துபோனார்.

"எலுமிச்சம்பழம்," என்றார். குரலே இல்லை. "தலைவரே, எலுமிச்சம்பழ வாசனை வருது."

இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. தலைவர் தொப்பியைக் கழற்றினார். பல் டாக்டர் குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டு மூடினார். கை வைக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னோமே என்றார் செயலாளர். நான் எங்கே கை வைத்தேன், கழுவத்தானே செய்தேன் என்றாள் அக்கா. அறுபது வருஷச் சரித்திரத்தை வாளியில் ஊற்றிக் கழுவிவிட்டாயே என்றார் தலைவர். 'ங்க' எப்போது போனது என்று அவளும் கவனித்தாள். சான்றிதழ் கிடையாது, இந்தப் பாவத்துக்குக் கிளப் கையெழுத்துப் போடாது என்று செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினார்கள். தம்பி சார் சார் என்று பின்னாலேயே போனான்.

கார் உடைக்கிற இடத்துக்குப் போகப் போகிறது. இதுவரை அவள் கேட்டது ஒரே ஒரு ஆசை. அது இவர்கள் மூக்கைப் போய்ப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அக்காவுக்கு அழுகை வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நில்லுங்க," என்றாள். "எந்தச் சரித்திரத்தைக் கழுவினேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

சொன்னாள். மேலே வந்ததும் சொன்னாள், கீழே போனதும் சொன்னாள். கடைசி வருஷம் போட்ட மருந்தினால் என்ன நிறம், என்ன நாற்றம் என்றுகூடச் சொன்னாள். தம்பி பெண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டாள். இப்போதாவது இந்த மனுஷர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள், செயலாளராவது காறித் துப்புவார் என்று அக்கா எதிர்பார்த்தாள்.

செயலாளர் கண் கலங்கிப் போய் நின்றார்.

"அப்ப அது அவரோடதா?" என்றார்.

"வேற யாரோடது? என்னோடதா?"

"தலைவரே, கேட்டீங்களா? அது வெறும் கறை இல்ல. அவரே. அவர் உடம்புல இருந்து வந்தது."

தலைவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடைசி உரிமையாளரின் கடைசிச் சுவடு என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். கிளப் பத்திரிகையில் தலைப்பாகப் போடலாம் என்கிற மாதிரி. பல் டாக்டர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவரில் அவர் ஒருவர்தான் மனுஷர் என்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்குள் செயலாளர் பக்கத்தில் வந்து, கோயில் பிரசாதம் கேட்கிற குரலில் கேட்டார்:

"அம்மா, துடைச்ச துணி இருக்கா?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.  துணி கிடைத்தால் கிளப் கண்ணாடி அலமாரியில் பத்திரப்படுத்தலாம், பாட்டினா அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று தலைவரும் செயலாளரும் அங்கேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

உள்ளே போனாள். துடைத்த துணி கொடியில் தொங்கியது. தம்பியின் பழைய பனியன். துடைத்த துணியை அவள் சும்மா விடுவாளா? இரண்டு தடவை சோப்புப் போட்டு, அலசி, பிழிந்து, வெயிலில் காயப்போட்டிருந்தாள். கொக்கு நிறத்தில் இருந்தது. எடுத்து வந்து நீட்டினாள். செயலாளர் கையுறைக் கையால் வாங்கி முகர்ந்தார். முகம் தொங்கிப் போயிற்று.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"துணின்னா துவைக்காம என்ன செய்யறது?"

"வேற எதுவுமே இல்லையா? கொஞ்சமாவது இருக்கற மாதிரி?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல ஷேவ் செய்த முகம். மூக்கு நுனியில் வியர்வை. இந்த மூக்குக்கு என்னதான் வேண்டும்? திரும்பவும் உள்ளே போனாள். டிரைவிங் ஸ்கூல் கக்கூஸ் வாசலில் ஒரு கால்மிதி கிடந்தது. ஒரு காலத்தில் சாக்கு. இப்போது என்ன என்று சொல்ல முடியாது. கார் பழக வருகிற பிள்ளைகள் எல்லாம், உள்ளே போகும்போதும் வரும்போதும், மழைக்கும் வெயிலுக்கும் கால் துடைத்த சாக்கு. ஃபினாயில் அக்காவே இதைத் துவைக்க முடியாது என்று கைவிட்டு, தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு. அதன் ஒரு மூலையைக் கிழித்தாள். ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இதுல இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "நிறையவே இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை.

செயலாளர் கவரைத் திறந்து, கண்ணை மூடி, இழுத்தார். தம்பி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. செயலாளர் கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது. "அதேதான்," என்றார் தலைவரிடம்.

காரின் பானெட் மேல் லெட்டர்ஹெட்டை வைத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டார். கவரைச் செயலாளர் தன் மடியில் வைத்துக்கொண்டு போனார். அக்கா ஜெயித்தவள் மாதிரி உணர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டாள், மறுபடி போட்டாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

இதில் உச்சம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஆய்வாளர் வந்து சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கிளப் சான்றிதழை ஒரு பார்வை பார்த்து மற்ற காகிதங்களோடு சேர்த்துக் குத்தினார். பின்கதவை அவர் திறக்கவே இல்லை.

"பின்சீட்டு பாக்கலையா சார்?" என்று அக்காவே கேட்டாள்.

"பின்சீட்டா? அது எதுக்கும்மா? வண்டி ஓடுதா, நிக்குதா, அதான் எங்களுக்கு."

இதற்காகவா? இதற்காகவா அந்த முழங்கால், அந்த மூக்கு, அந்தக் கண்ணீர்?  ஆனால் அடுத்த வாரம் பதிவுச் சான்று வந்தது. அதில் உரிமையாளர் என்கிற இடத்தில் அவள் பெயர், இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மருமகள் என்ற ஒட்டு எதுவும் இல்லை. அதை மட்டும் பலமுறை படித்தாள்.

கிளப்பின் ஆண்டுக் காட்சிக்கு அழைப்பு வந்தபோது போக மாட்டேன் என்றுதான் சொன்னாள். தம்பிதான், நீயே ஓட்டிக்கொண்டு போகிற முதல் பயணம், போகலாம் என்று பிடிவாதம் பிடித்தான். ஓட்டிக்கொண்டு போனாள். முன்கண்ணாடி வழியாக ரோடு அகலமாக விரிந்து வந்தது. ரோட்டில் என்ன இருந்தது? குப்பைத் தொட்டி, வெயிலில் நாய், தண்ணீர் லாரி, சுவர் விளம்பரம். மலையும் இல்லை, ஏரியும் இல்லை. ஆனாலும் எல்லாம் எதிரே வந்தது. எதுவும் தோளில் சாயவில்லை. கிளப் வாசல் வந்தபோது, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே என்று எரிச்சல்பட்டாள்.

உள்ளே நடுக்கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதற்கென்றே மேலே ஒரு விளக்கு. சிவப்பு வெல்வெட் மேல் கக்கூஸ் கால்மிதியின் மூலை. பெரியவரின் இளவயதுப் படம் பக்கத்தில். கீழே பித்தளைத் தகட்டில் இரண்டு வரி: பெரியவரின் பெயர் முதலில், அதற்கடியில், 'நன்கொடை' என்று போட்டு, அவள் முழுப்பெயர், இனிஷியலோடு. பதிவுச் சான்றைவிடப் பெரிய எழுத்தில். தம்பி பெண்டாட்டி அவள் கையைக் கிள்ளினாள். ஒரு இளைஞனுக்குச் செயலாளர் அதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இளைஞன் குனிந்து அலமாரியின் காற்றுத் துளையில் மூக்கை வைத்தான்.

அக்கா வெளியே வந்துவிட்டாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் தலைவரின் கார் நின்றது. கறுப்பு, முகம் பார்க்கலாம் போல. தலைவர் யாரிடமோ பேசிக்கொண்டு அதன் பக்கத்தில்தான் நின்றார். அக்கா வருவதைப் பார்த்தாரோ இல்லையோ, பேச்சை நிறுத்தாமல், குடித்து முடித்த டீ கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். அந்தக் கை மாறவில்லை, பழக்கம். ஆனால் இந்தத் தடவை குழாயைத் தேடவில்லை. கோப்பையின் அடி நனைந்திருந்தது. அதை அப்படியே தலைவரின் காரின் பானெட் மேல் வைத்தாள். எடுத்தாள். ஒரு வட்டம் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு வட்டம் வைத்துவிட்டுக் கோப்பையை அங்கேயே விட்டாள்.

தலைவரின் பேச்சு பாதியில் நின்றது.

"துடைச்சிடாதீங்க சார்," என்றாள் அக்கா. "பாட்டினா."

திரும்பி வரும்போது தம்பி பின்சீட்டில் உட்கார்ந்தான். முன்னால் அவன் பெண்டாட்டி. அக்கா திருப்பங்களில் பிரேக்கை மிதிக்கிற மிதியில் டிரைவிங் ஸ்கூல்காரனுக்கே தலை சுற்றியது. இரண்டாவது திருப்பத்தில் அவன் முனகினான், மூன்றாவதில் ஜன்னலை இறக்கினான்.

"அக்கா, கொஞ்சம் ஓரமா நிறுத்தேன். வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

அக்கா நிறுத்தினாள். அவசரப்படவில்லை. கண்ணாடியில் தம்பியின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள்.

"கதவத் திறந்து ரோட்டுல எடு," என்றாள். "சீட்டுல மட்டும் எடுத்துடாத. கிளப்ல இருந்து வந்துடுவாங்க."